ஏழால் வகுப்பதா, எட்டால் வகுப்பதா: கற்பித்தல் உதவியாளராக ஒரு பருவம்

முதலாண்டு மாணவர்களுக்கான புள்ளியியல் அறிமுகப் பாடத்தில் கற்பித்தல் உதவியாளராக நான் பணியாற்றிய பருவம் சென்ற வாரம் முடிந்தது. இறுதி மதிப்பெண் பட்டியலை ஒப்படைத்துவிட்டேன். அது ஏற்கப்பட்டும் விட்டது. ஆனாலும் மூன்றாவது ஒப்படைப்பைத் திருத்திய நாள்கள் இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. இந்தப் பணியை ஏற்கவிருப்பவர்கள் அதே இடத்தில் தடுக்கி விழக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

விண்ணப்பமும் நேர்காணலும் சிக்கலின்றி முடிந்தன. முதல் சிக்கல் ஊதியத்தில் வந்தது. வாராந்தர வேலை நேரப் படிவத்தில் பேராசிரியர் கையொப்பத்துடன் துறைத்தலைவர் கையொப்பமும் வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. அலுவலக எழுத்தர் படிவத்தை வாங்கி, புரட்டிப் பார்த்து, முத்திரையும் இட்டார். மாதக் கணக்கு முடிந்த மறுநாள்தான் அது என்னிடம் திரும்பி வந்தது. கையில் வாங்கியபோதே ஒரு சொல் சொல்லியிருந்தால், அடுத்த கட்டடத்துக்குப் போய் ஐந்து நிமிடத்தில் கையொப்பம் பெற்று வந்திருப்பேன். படிவத்தைக் கொடுக்கும்போதே "இதில் இன்னும் எதுவும் விடுபட்டிருக்கிறதா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். நகல் ஒன்றையும் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மூன்றாவது ஒப்படைப்பு. மொத்தம் 118 தாள்கள். முந்தைய ஆண்டு பயன்படுத்திய விடைக்குறிப்பையே என்னிடம் கொடுத்திருந்தார்கள். இரண்டாம் கேள்வி பார்வைக்கு மிக எளியது: 2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்ற எட்டு அளவீடுகளின் திட்ட விலக்கத்தை (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவை) கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கொண்டு, சராசரி 3.3 என்ற இன்மை கருதுகோளை, அதாவது சோதனைக்காக முதலில் உண்மையெனக் கொள்ளும் கூற்றை, 5 விழுக்காடு மிகைகாண் நிலையில் (உண்மையான கூற்றைத் தவறாக மறுக்கும் வாய்ப்பை 5 விழுக்காடாக வைத்து) இருமுனைச் சோதனையாக, அதாவது கூடுதல், குறைவு என்ற இரு பக்கமும் பார்த்து, சோதிக்க வேண்டும். திட்ட விலக்கம் 2.138 என்றும் கருதுகோளை மறுக்க இயலாது என்றும் விடைக்குறிப்பு சொன்னது. ஆனால் 34 தாள்களில் திட்ட விலக்கம் 2 என்றும் கருதுகோள் மறுக்கப்படுகிறது என்றும் எழுதியிருந்தார்கள். நான் அத்தனை தாள்களிலும் "சூத்திரம் தவறு" என்று எழுதி, முதல் பகுதிக்கும் அதைத் தொடர்ந்த சோதனைக்கும் சேர்த்துப் பத்துக்கு ஏழு மதிப்பெண்களைக் குறைத்தேன். இவ்வளவு பேர் ஒரே எண்ணை எப்படி எழுதினார்கள் என்று அப்போதே நின்று யோசித்திருக்க வேண்டும். ஒரே தவறான விடை பல தாள்களில் மாறாமல் வந்தால், அதற்குப் பின்னால் ஒரு பொதுக் காரணம் இருக்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடிக்கும்வரை சிவப்பு மையைத் தொடக்கூடாது.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த மூன்றாம் நாள் ஒரு மாணவி தன் மடிக்கணினியுடன் வந்தார். அவர் பைத்தான் நிரல்மொழியில் நம்பை (NumPy) என்ற கணக்கீட்டு நூலகத்தின் திட்ட விலக்கச் செயற்கூறைப் பயன்படுத்தியிருந்தார். எட்டு அளவீடுகளின் சராசரி 5. ஒவ்வோர் எண்ணும் சராசரியிலிருந்து விலகும் அளவின் வர்க்கங்களைக் கூட்டினால் 32. நம்பை தானாக அதை எட்டால் வகுத்து வர்க்கமூலம் எடுக்கும். ஒன்றைக் குறைத்து ஏழால் வகுக்க வேண்டுமென்றால் அதற்கென உள்ள அளவுருவை நாம்தான் 1 என்று மாற்ற வேண்டும். விடைக்குறிப்பைத் தயாரித்தவர் பயன்படுத்திய ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளோ எப்போதும் ஏழால்தான் வகுக்கும். எக்செல்லில் இரண்டுக்கும் தனித்தனிச் செயற்கூறுகள் உண்டு. பைத்தானிலேயே பாண்டாஸ் நூலகம் நம்பைக்கு மாறாக ஏழால் வகுக்கிறது. ஆக, மாணவர் எந்தக் கருவியைத் திறந்தார் என்பதைப் பொறுத்தே விடை 2 என்றோ 2.138 என்றோ வந்திருக்கிறது.

அந்த வேறுபாடு இரண்டாம் பகுதியில் முடிவையே புரட்டிவிட்டது. ஏழால் வகுத்தால் சோதனை மதிப்பு ஏறத்தாழ 2.25, எட்டால் வகுத்தால் 2.40. அட்டவணை தரும் எல்லை மதிப்பு 2.365; சோதனை மதிப்பு அதைத் தாண்டினால் கருதுகோள் மறுக்கப்படும். இரண்டுக்கும் நடுவில் அது சரியாக வந்து அமர்ந்திருந்ததால், ஒரு சாராருக்குக் கருதுகோள் நிலைத்தது, மறு சாராருக்கு மறுக்கப்பட்டது. பெரிய தொகுதியிலிருந்து எடுத்த சில அளவீடுகளை, அதாவது ஒரு மாதிரியை, வைத்துச் சராசரியைச் சோதிக்கும் இத்தகைய டி சோதனையில் ஏழால் வகுப்பதே சரி; அந்த எட்டு எண்களே முழுத் தொகுதி என்றால் அவற்றின் திட்ட விலக்கத்துக்கு எட்டால் வகுக்கலாம். சோதனைக்கு ஏழு என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் அந்த மாணவி கேட்ட கேள்வி வேறு: "இவை ஒரு மாதிரி என்று வினாத்தாளில் எங்கே இருக்கிறது?" வினாத்தாளை மூன்று முறை படித்தேன். எங்கும் இல்லை.

அன்று மாலையே பேராசிரியரிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டு, முதல் பகுதிக்கு 2 என்ற விடையையும் ஏற்கச் சொன்னார். இரண்டாம் பகுதியில் படிகள் சரியாக இருந்தால் ஒரு மதிப்பெண் மட்டும் குறைத்தால் போதும் என்றார். முன்பு செய்த பிழை பின்னால் தொடரும்போது, அதற்காக இரண்டு முறை தண்டிக்கக்கூடாது என்பது அவர் சொன்ன விதி. அதை முதல் வாரமே நான் கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும். உடன் பணியாற்றிய மூத்த உதவியாளர், மறுமதிப்பீடு கேட்டவர்களுக்கு மட்டும் திருத்திக் கொடுத்தால் வேலை குறையும் என்றார். எனக்கு அது ஒப்பவில்லை. கேட்கத் துணிந்தவருக்கு ஐந்தாறு மதிப்பெண்கள் கூட, அதே விடையை எழுதிவிட்டு அமைதியாக இருந்தவருக்கு ஒன்றுமில்லை என்பது எந்த வகையில் நியாயம்? 118 தாள்களையும் திரும்ப வாங்கினேன். இரண்டு வார இறுதிகள் அதிலேயே போயின.

மறுபடி திருத்தியபோது இன்னொன்றும் வெளிப்பட்டது. அதுதான் என்னை அதிகம் வருத்தியது. பி மதிப்பை (இன்மை கருதுகோள் உண்மையானால், கிடைத்த அளவுக்கோ அதைவிடவோ விலகிய முடிவு வரும் வாய்ப்பை) விளக்கும் கேள்வியில், முதல் இருபது தாள்களில் அரைகுறை விளக்கத்துக்கு இரண்டு மதிப்பெண்கள் கொடுத்திருந்தேன். தொண்ணூறாவது தாளுக்கு மேல் ஏறத்தாழ அதே வாக்கியத்துக்கு மூன்று. களைப்பினால் அளவுகோல் தளர்ந்திருந்தது. அதன்பின் ஒரு மாணவரின் முழுத்தாளையும் ஒரே மூச்சில் திருத்துவதை விட்டுவிட்டு, ஒரு கேள்வியை எடுத்து எல்லாத் தாள்களிலும் அதை முடித்த பிறகே அடுத்த கேள்விக்குப் போனேன். ஒவ்வொரு கேள்வியின் முடிவிலும் முதல் பத்துத் தாள்களை மீண்டும் பார்த்தேன். நேரம் சற்றுக் கூடும். ஆனால் யார் வந்து கேட்டாலும் தலைநிமிர்ந்து விளக்கம் சொல்ல முடியும்.

நான்காவது ஒப்படைப்பு வருமுன் எல்லாக் கணக்குகளையும் கையாலும் இரண்டு மென்பொருள்களாலும் நானே செய்து பார்த்தேன். அங்கேயும் ஒரு பள்ளம் காத்திருந்தது. மேலே சொன்ன அதே எட்டு எண்களுக்கு மேல் கால்மானம் (வரிசைப்படுத்திய எண்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு எதற்குக் கீழே அமைகிறதோ அந்த மதிப்பு) கேட்டிருந்தார்கள். மேல்பாதியின் இடைநிலையை எடுக்கும் பாடநூல் முறையில் விடை 6; ஆர் மென்பொருளின் இயல்பான முறையில் 5.5. அந்த மென்பொருளில் மட்டும் இதற்கு ஒன்பது முறைகள் இருக்கின்றன. இந்த முறை தாள்கள் வருவதற்கு முன்பே பேராசிரியரிடம் காட்டி, இரண்டையும் ஏற்பது என்று அறிவிக்கச் செய்தேன். அந்தக் கேள்விக்கு ஒரு மறுமதிப்பீட்டு விண்ணப்பம்கூட வரவில்லை.

ஆய்வக வகுப்புகள் பெரும்பாலும் நன்றாகவே போயின. ஒரே ஒரு நாள், ஒரே விதை எண்ணை (கணினி எல்லோருக்கும் ஒரே தற்போக்கு எண்களைத் தருவதற்காகக் கொடுக்கும் தொடக்க எண்ணை) கொடுத்தும் ஒரு மாணவருக்கு மட்டும் வேறு மாதிரி எண்கள் வந்தன. அவரது நிரலை வரிவரியாகப் பார்த்து இரண்டு மணி நேரத்தை இழந்தேன். நிரலில் தவறே இல்லை. 2019இல் வெளிவந்த 3.6.0 பதிப்பில், மாதிரி எடுக்கும் இயல்பு முறையை ஆர் மாற்றிக்கொண்டது; அவரது கணினியில் அதற்கு முந்தைய பதிப்பு இருந்தது. விடைகள் ஒத்துவராதபோது முதலில் பதிப்பு எண்ணைக் கேளுங்கள்.

நம்பிக்கை இடைவெளி (உண்மைச் சராசரியை மதிப்பிட மாதிரியிலிருந்து அமைக்கும் எண்வீச்சு) குறித்த ஐயம் தெளிவிக்கும் நேரத்தை நிறைவுடன் நினைவுகூர்கிறேன். "உண்மையான சராசரி இந்த இடைவெளிக்குள் இருக்க 95 விழுக்காடு வாய்ப்பு" என்றே ஏறக்குறைய எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். சொல்லி விளக்கிப் பயனில்லாமல் போகவே, சராசரி நமக்கு முன்பே தெரிந்த ஒரு தொகுதியிலிருந்து நூறு மாதிரிகளை எடுத்து, நூறு இடைவெளிகளையும் கோடுகளாக வரையச் செய்தேன். 94 கோடுகள் உண்மைச் சராசரியைத் தொட்டன, ஆறு தொடவில்லை. தொடாத கோடு ஒன்றைக் காட்டி, "இதற்குள் சராசரி இருக்க என்ன வாய்ப்பு?" என்று கேட்டேன். சிறிது நேர அமைதிக்குப் பின், 95 விழுக்காடு என்பது இடைவெளியை அமைக்கும் முறைக்கு உரியது, அமைந்துவிட்ட ஒரு கோட்டுக்கு உரியதன்று என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார். அதை நான் சொல்லாமல் அவர் வாயாலேயே வந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

அடுத்த பருவத்து உதவியாளருக்காக ஒரு கோப்பு வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அதன் முதல் பக்கத்தில் அந்த எட்டு எண்களும், ஏழால் வகுத்த கணக்கும், எட்டால் வகுத்த கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வினாத்தாளிலும் "ஒரு பெரிய தொகுதியிலிருந்து எடுத்த மாதிரி" என்ற சொற்களைப் பேராசிரியர் தம் கையாலேயே சேர்த்துவிட்டார்.