"பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லிக்கொண்டிருந்த மாதங்கள்

மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதத்தில் அழுகை நின்றுவிட்டது. அதனால் டாக்டர் எப்படி இருக்கீங்க என்று கேட்கும்போதெல்லாம் பரவாயில்லை டாக்டர் என்று சொல்லிவிட்டு அதே சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன், வெளியே இன்னும் இருபது பேர் உட்கார்ந்திருக்கும்போது நம்முடைய அசதியை எப்படி விவரிப்பது?

ஆனால் பரவாயில்லை என்பது உண்மை இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பேன், அது பொங்கி வழிந்து, அடுப்பு அவிந்து, கேஸ் வாடைக்கு மனைவி ஓடி வந்த பிறகுதான் எனக்கே தெரியும். எட்டு மணி நேரம் தூங்கினாலும் உடம்பு நனைந்த போர்வை மாதிரி கனக்கும். மனச்சோர்வு குறைந்த பிறகும் இப்படி மிச்சம் நிற்கும், அந்த மிச்சத்தை அப்படியே விட்டால் நோய் திரும்பி வர வாய்ப்பு அதிகம். இது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

இன்னொரு பக்கம் மாத்திரை. எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம். முதல் பத்து நாள் தாளிக்கிற வாசனைக்கே குமட்டியது, சாப்பிட்ட பிறகு போட்டதும் மெல்ல அடங்கிவிட்டது. தாம்பத்திய ஆசை போனதுதான் திரும்பவே இல்லை. இந்த வகை மாத்திரைகளில் இது ரொம்ப சாதாரணம், ஆனால் டாக்டரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, மனைவி தன்மேல் வெறுப்பு என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம் அந்த மரத்துப்போன மனசு. அக்கா மகளுக்குக் காதுகுத்து, தாய்மாமன் என் மடியில்தான் உட்கார்ந்து வீறிட்டு அழுதாள், எல்லோருக்கும் கண் கலங்கியது, எனக்கு உள்ளே ஒன்றும் அசையவில்லை.

நோயா, மாத்திரையா என்று புரியாமல் நானாகவே நிறுத்தினேன். மூன்றாம் நாள் தலையைத் திருப்பினாலே மண்டைக்குள் சுரீர் என்று கரண்ட் அடித்தது போல இருந்தது, தலைசுற்றல், எரிச்சல் வேறு. திடீரென்று நிறுத்தினால் இப்படி ஆகலாம், டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். தயவுசெய்து நான் செய்ததைச் செய்யாதீர்கள். உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் 14416-க்கு (டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்) போன் செய்யுங்கள், எந்த நேரமும் பேசுவார்கள், தமிழிலும்.

பிறகு மாத்திரைக்கே திரும்பினேன், தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கும்போது அதன் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன். தூக்கம், களைப்பு, கவனம், மனசு எதற்காவது அசைந்ததா, எது மாத்திரைக்கு முன்பே இருந்தது, எது அதற்குப் பிறகு வந்தது. மூன்று வாரத் தாள்களை டாக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். தைராய்டும் வைட்டமின் பி12-உம் பார்க்கச் சொன்னார், களைப்பையெல்லாம் மனசின் கணக்கில் எழுதக்கூடாது என்றார். பி12 குறைவாகத்தான் இருந்தது. வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டுக்கொண்டு, பழையதை மெதுவாகக் குறைத்து, பூப்ரோபியான் என்ற வேறு வகை மனச்சோர்வு மாத்திரைக்கு மாற்றினார். ஆசையைக் கெடுப்பது இதில் குறைவு, ஆனால் தூக்கம் கெடலாம் என்று காலையில் போடச் சொன்னார்.

போன வாரம் அக்கா மகள் வீடியோ காலில் புதுக் கம்மலைக் காட்டினாள், தொண்டை அடைத்துக்கொண்டது. கவனம் மட்டும் இன்னும் முழுசாக வரவில்லை, அடுத்த முறை அதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.