தையல் செய்முறைத் தேர்வு: டென்ஷன் (நூல் இறுக்கம்) கோளாறை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

செய்முறைத் தேர்வில் துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகத் தொங்கினால், பலரும் பதறிப்போய் பாபின் கேஸின் (அடிநூல் சுற்றிய உருளையை வைக்கும் கூடு) திருகில் கை வைக்கிறார்கள். கோளாறு அங்கே இருப்பது அரிது. அடியில் சுருள் விழுகிறதென்றால் தளர்ந்திருப்பது மேல் நூல். பெரும்பாலும் அது, நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காரவே இல்லை.

துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட் இறங்கியிருக்கும்போது தட்டுகள் ஒன்றோடொன்று இறுகியிருக்கும். அப்போது நூல் கோத்தால் அது உள்ளே போகாது. அதனால் ஃபுட்டைத் தூக்கிவிட்டு, நூலை முழுக்க உருவி, முதலிலிருந்து கோத்துவிடுங்கள். தைக்கும்போது மேலும் கீழும் ஏறி இறங்கும் டேக்-அப் லீவரின் துளையை விட்டுவிட்டாலும் இதே கொத்துதான் விழும். கோத்தபின் ஃபுட்டை இறக்கி நூலை இழுத்தால் பிடிப்பு தெரிய வேண்டும். தூக்கினால் தாராளமாக வர வேண்டும். இந்த வித்தியாசம் கைக்குத் தெரியும்வரை, டென்ஷனைக் கூட்டிக் குறைக்கும் டயலைத் தொடாதீர்கள்.

அடுத்து, தேர்வுக்குத் தந்த துணியிலேயே ஒரு வெட்டுத்துண்டை இரண்டாக மடித்து 10 செ.மீ. தைத்துப் பாருங்கள். மேலே சிவப்பு, கீழே வெள்ளை என ஒரே பருமனில் இரு நிற நூல் போட்டால் பிழை பளிச்சென்று தெரியும். டயல் 4-இல் தொடங்கலாம். மேல்பக்கம் வெள்ளைப் புள்ளிகள் எட்டிப் பார்த்தால் மேல் நூல் டைட்: அரை எண் குறையுங்கள். அடியில் சிவப்பு தெரிந்தால் அரை எண் கூட்டுங்கள். முடிச்சு இரு மடிப்புக்கும் நடுவே ஒளிய வேண்டும். மெல்லிய துணியில் அதற்கு இடம் குறைவு என்பதால் சிறு பிழையும் வெளியே தெரியும்.

சந்தேகம் தீரவில்லையா? துணியைக் கிராஸாக (இழைகளுக்குச் சாய்வாக, மூலைவாட்டில்) மடித்துத் தைத்து, இரு முனையையும் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். எந்த நூல் முதலில் அறுகிறதோ அதுதான் டைட்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் பாபின் கேஸ். அதன் தகட்டுக்கு அடியில் பஞ்சு சிக்கியிருந்தால் முதலில் அதை எடுங்கள். தனியாகக் கழலும் கேஸ் என்றால், நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு லேசாக உதறுங்கள். சில செ.மீ. இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று இறங்கினால் லூஸ், அசையவே இல்லையென்றால் டைட். திருகை வலப்பக்கம் திருப்பினால் இறுகும். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்று போதும். திருப்புமுன் அதன் நிலையைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

தையல் விட்டு விட்டு விழுந்தால் டென்ஷனைத் தேட வேண்டாம், ஊசியை மாற்றுங்கள். நடுத்தரப் பருத்திக்கு 14-ஆம் எண் ஊசி பொருந்தும்.