பத்து செகண்டு காகிதம்

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சின்ன கிளினிக்கில் ஈசிஜி எடுப்பது என் வேலை. படுத்ததும் முக்கால்வாசிப் பேர் கேட்பது, "ஏம்மா, கரண்ட்டு வைப்பியா?" வைக்க மாட்டோம். இதயம் தானே உண்டாக்கும் மின்சாரத்தைத் தோல்மேல் பிடித்து எழுதுவதோடு சரி. ஒரு மில்லிவோல்ட் அளவு சமாச்சாரம் அது.

கை கால்களில் நான்கு கிளிப், நெஞ்சில் ஆறு ரப்பர் குமிழ். ஒயர் பத்துதான், அவற்றை வைத்தே மெஷின் இதயத்தைப் பன்னிரண்டு கோணங்களில் பார்க்கிறது. சிவப்பு வலது கைக்கு, மஞ்சள் இடது கைக்கு. இரண்டும் மாறிப்போனால் முதல் லீடில், அதாவது அந்தக் கோணங்களில் முதலாவதில், எல்லாம் கவிழ்ந்து கிடக்கும். நெஞ்சுக் குமிழ்களுக்கு விலா எலும்பை விரலால் தடவி எண்ண வேண்டும். முதல் இரண்டும் நடு எலும்புக்கு வலமும் இடமுமாக, நான்காவது இடுக்கில். கொஞ்சம் மேலே போனாலும் இல்லாத நோய் காகிதத்தில் வந்து உட்காரும். கடலூர் வெயிலில் வேர்வை வழுக்கிக் குமிழ் நிற்காது. ஏசியைக் கூட்டினால் ஆள் நடுங்குவார், கோடும் கூடவே நடுங்கும்!

காகிதத்தில் சின்னக் கட்டம் ஒன்று 0.04 செகண்டு. ஐந்து சேர்ந்தால் பெரிய கட்டம், 0.2 செகண்டு. முதலில் வரும் சின்ன மேடு பி அலை. மேலறைகளில் மின்சாரம் பரவுவது. அடுத்து ஊசி மாதிரி எழும்புவது க்யூஆர்எஸ், கீழறைகளுக்கானது. கடைசியில் டி அலை, கீழறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராவது. இரண்டு ஊசிகளுக்கு நடுவே எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி 300-ஐ அதால் வகுத்தால் நிமிடத் துடிப்பு வந்துவிடும். நான்கு கட்டம் என்றால் 75. ஓய்வில் 60 முதல் 100 வரை இருந்தால் பொதுவாகக் கவலையில்லை.

இந்தக் கணக்கு துடிப்பு சீராக இருந்தால்தான். தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வலை இழுக்கும்போது மூச்சு வாங்குகிறது என்றார். கிளிப் மாட்டுமுன் மணிக்கட்டைப் பிடித்தேன்: இரண்டு அடி ஓடி வந்தது, ஒன்று தாமதித்தது, அடுத்தது மெலிந்தது. காகிதத்திலும் அதேதான். ஊசிகளுக்கு நடுவே ஒரு இடைவெளி போல இன்னொன்று இல்லை, பி அலையைக் காணோம், அடிக்கோடு மட்டும் நெளிகிறது. இதற்குப் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இப்படி வந்தால் காகிதத்தில் பதிவாகும் பத்து செகண்டில் உள்ள ஊசிகளை எண்ணி ஆறால் பெருக்க வேண்டும். "நெஞ்சு வலிக்கவே இல்லியேம்மா" என்றார் அவர். வலிக்காமலே வரும், ஐயா. மேலறை சரியாகச் சுருங்காததால் அங்கே ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். டாக்டர் அன்றைக்கே எக்கோவுக்கு, அதாவது இதய ஸ்கேனுக்கு, எழுதிக் கொடுத்தார்.

சீரில்லாததெல்லாம் நோயும் இல்லை. காலேஜ் பையன்களுக்கு மூச்சை இழுத்தால் துடிப்பு வேகமாகும், விட்டால் குறையும். அது இயல்பு.

எனக்கு எரிச்சல் வருவது வேறொன்றில். மேலே மெஷின் அடித்திருக்கும் 'நார்மல்' என்ற ஒரு வார்த்தையைப் பார்த்துவிட்டு, "அப்ப வெறும் கேஸ் ட்ரபிள்தான்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். அது அந்தப் பத்து செகண்டின் கதை மட்டும்தான். ஹார்ட் அட்டாக்கின் தொடக்கத்தில்கூட முதல் ஈசிஜி சுத்தமாக இருக்கலாம். வலி நிற்கவில்லையென்றால் மறுபடி எடுக்க வேண்டும், இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் என்ற புரதத்தையும் பார்க்க வேண்டும். எப்போதாவது வந்துபோகும் படபடப்புக்கு 24 மணி நேரம் உடம்பில் மாட்டிக்கொள்ளும் ஹோல்டர் என்ற சின்ன ஈசிஜி மெஷின்தான் பதில் சொல்லும்.

பழைய ஈசிஜியைத் தூக்கிப் போடாதீர்கள். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முன்னே எடுத்தது இருக்கிறதா என்று கேட்பார்கள்; ஒரு மாற்றம் புதிதா பழசா என்பது ஒப்பிட்டால்தான் தெரியும். வெப்பத்தில் அச்சாகும் காகிதம் என்பதால் நாளாக ஆக மங்கும். ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், போனில் ஒரு படமும் இருக்கட்டும். பத்திரமாக இருக்கட்டுமென்று லேமினேஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள். மஞ்சக்குப்பத்து அம்மா ஒருவர் அப்படித்தான் போட்டுக் கொண்டுவந்தார். சூடு பட்டு காகிதம் முழுக்கக் கறுத்துப்போயிருந்தது.