ஹிஞ்ச் மாற்றக் கொடுத்தேன், வைஃபை போய்விட்டது

பத்துப் பதினைந்து சின்னக் கடைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கெழுதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் தொழில். மாதம் 11ஆம் தேதி ஒரு கெடு, 20ஆம் தேதி இன்னொரு கெடு. லேப்டாப்பின் திரையைக் கீழ்ப்பகுதியோடு சேர்க்கும் இடதுபக்கக் கீல், அதாவது ஹிஞ்ச், உடைந்து, மூடித் திறக்கும்போதெல்லாம் திரையின் ஓரம் பிளந்துகொண்டு வந்தது. 11ஆம் தேதி வேலையை எப்படியோ முடித்துவிட்டு, மறுநாள் காலை கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். கூலியும் பார்ட்ஸுமாக 5,000, ஜிஎஸ்டி 900, மொத்தம் 5,900 ரூபாய்.

15ஆம் தேதி மாலை திரும்பக் கிடைத்தது. கவுன்டரில் இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தேன், ஹிஞ்ச் நன்றாக இருந்தது. "இங்க ஒரு சைன் மேடம்" என்றார்கள், போட்டேன்.

வீட்டுக்கு வந்து உள்ளறை மேஜையில் வைத்தால் வைஃபை ஒற்றைக் கோடு காட்டுகிறது, அதுவும் வந்து வந்து போகிறது. ஹாலில் ரவுட்டர் பக்கத்தில் வைத்தால் சரியாக எடுக்கிறது. தட்டச்சு செய்ய உட்கார்ந்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. இடது உள்ளங்கை படும் இடத்தில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு மேடு. உள்ளேயிருந்து எதுவோ பிளாஸ்டிக்கை முட்டித் தள்ளியிருந்தது.

மறுநாள் முதல் ஆளாகப் போய் நின்றேன். உள்ளே கொண்டுபோய் அரைமணி நேரம் கழித்து வந்து, மதர்போர்டில் வைஃபை பகுதி போய்விட்டது, கீழே விழுந்ததால்தான் மேடு வந்திருக்கிறது, 20,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் ஆகும் என்றார்கள். லேப்டாப் கீழே விழவே இல்லை. சொன்னேன். முந்தின நாள் நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டினார்கள். பொருளைச் சோதித்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன் என்று அச்சடித்திருந்தது. நான் அதைப் படிக்கவே இல்லை.

அங்கே சத்தம் போட்டிருந்தால் அழுதிருப்பேன். அதனால் ஒன்று மட்டும் கேட்டேன்: "நீங்கள் சொன்ன காரணத்தையும் தொகையையும் எழுதிக் கொடுங்கள்." எஸ்டிமேட்டைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்கள். லேப்டாப்பையும் வாங்கிக்கொண்டு அங்கிருந்து நேராக எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன்.

அங்கே ஒரு சின்னக் கடைத் தம்பி லேப்டாப்பைத் திறக்காமலே சொல்லிவிட்டார். வைஃபை ஆன்டெனா திரைப் பக்கம் இருக்கிறதாம். அதிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஒயர்கள் ஹிஞ்ச் வழியாக இறங்கி, கீழே வைஃபை கார்டில் மாட்டியிருக்கும். ஹிஞ்ச் மாற்றும்போது அவற்றைக் கழற்றித்தான் ஆகவேண்டும். கார்டு செத்திருந்தால் ரவுட்டர் பக்கத்தில்கூட எடுக்காது. பக்கத்தில் எடுக்கிறது, தள்ளிப் போனால் இல்லை என்றால் ஒயர் சரியாக மாட்டவில்லை. மேட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஸ்க்ரூ மாத்திப் போட்டிருக்காங்க அக்கா" என்றார். பின்வரிசை ஸ்க்ரூ நீளம், முன்வரிசை ஸ்க்ரூ குட்டை. நீளமானதை முன்னால் போட்டால் மேலே முட்டும். "நீங்களே சரிபண்ணிக் கொடுங்க தம்பி" என்றேன். மறுத்துவிட்டார். "நான் தொட்டா நான்தான் கெடுத்தேன்னு சொல்லிடுவாங்க. அவங்களையே உங்க முன்னாடி திறக்கச் சொல்லுங்க." காசும் வாங்கவில்லை.

அன்று ராத்திரி கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் எழுதினேன். எந்தத் தேதியில் என்ன நடந்தது என்பது மட்டும்தான் அதில் இருந்தது, கோபம் இல்லை. ஜாப் ஷீட் (சர்வீஸ் சென்டரின் வேலைச் சீட்டு), பில், எஸ்டிமேட், மேட்டின் படம் எல்லாம் இணைத்தேன். லேப்டாப்பைக் கொடுத்த அன்று "கொடுத்தாச்சு" என்று மகனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தேன். கவுன்டர் மேல் லேப்டாப் திறந்தபடி இருக்கும் படம். இடதுபக்கம் சமமாக இருப்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. அதையும் சேர்த்தேன். கேட்டது ஒன்றே ஒன்று: என் முன்னால் திறந்து பாருங்கள்.

மறுநாள் 1915க்குப் போன் செய்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். பில் விவரம் கேட்டுப் பதிந்துகொண்டு புகார் எண் கொடுத்தார்கள். அவர்களால் உத்தரவு போட முடியாது, புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்க முயல்வார்கள். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது, இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. புகார் எண்ணோடு இதையும் குறிப்பிட்டு இரண்டாவது மெயில் போட்டேன். மிரட்டுவதற்காக எழுதவில்லை, போகத்தான் இருந்தேன்.

இதற்கிடையில் 20ஆம் தேதி வந்துவிட்டது. செல்போனை யூஎஸ்பி ஒயரில் மாட்டி அந்த நெட்டில்தான் எல்லா ரிட்டர்னையும் போட்டு முடித்தேன். மேடு உறுத்தும் என்று இடது கைக்குக் கீழே கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டேன்.

23ஆம் தேதி கம்பெனியிலிருந்து போன் வந்தது. மறுநாள் போனால், இதுவரை நான் பார்க்காத ஒரு பையன் கவுன்டரிலேயே துணி விரித்து உட்கார்ந்தான். கழற்றும் ஸ்க்ரூக்களை அது அது இருந்த வரிசையிலேயே ஒரு வெள்ளைத் தாளில் வைக்கச் சொன்னேன். மொத்தம் பத்து. முன்வரிசையில் இடது ஓரம் ஒன்று மட்டும் நீளம். அங்கே இருக்கவேண்டிய குட்டை ஸ்க்ரூ பின்வரிசையில் பிடிப்பில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. அடிமூடியைத் தூக்கினான். வெள்ளை ஒயர் கார்டின் மேல் சும்மா சாய்ந்திருந்தது. கறுப்பு ஒயர் ஹிஞ்சுக்கு அடியில் மாட்டி நசுங்கியிருந்தது. பையன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் செய்த தப்பு இல்லை அது, எனக்கு அவன்மேல் வருத்தமும் இல்லை. மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்து பார்த்தார். மதர்போர்டைப் பற்றி யாரும் அப்புறம் பேசவில்லை.

ஆன்டெனாவையும் கீபோர்டோடு சேர்ந்த மேல்பகுதி முழுவதையும் இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். ஜாப் ஷீட்டில் 'ரீவொர்க்' என்று மட்டும் எழுதினார்கள். "முந்தைய சர்வீஸில் ஏற்பட்ட பழுது" என்று எழுதினால்தான் கொடுப்பேன் என்று நின்றேன், எழுதினார்கள். அலைந்ததற்கும் வேலை கெட்டதற்கும் கொடுத்த பணத்தில் பாதியாவது திருப்பித் தரக் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். தந்திருக்கவேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

பார்ட்ஸ் வர ஆறு நாள் ஆனது. வாங்கப் போன அன்று செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, வாசலில் இருந்த வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்து, கேட் வரைக்கும் நடக்கச் சொன்னேன். கவுன்டரில் லேப்டாப்பில் கோடு குறையவில்லை. உள்ளங்கையால் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தேன். அப்புறம் தாளை முழுக்கப் படித்தேன். கையெழுத்துக்குக் கீழே "வைஃபை, மேல்பகுதி, ஸ்க்ரூ பத்தும் சரிபார்த்தேன்" என்று நானே எழுதி, நேரத்தையும் போட்டுவிட்டு, அந்தத் தாளை ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.