புல்வெட்டி ரோபோவும் புளியும்

புல்வெட்டி ரோபோ ஒழுங்காகத் தன் கூட்டுக்குள் போய் நிற்கிறது. சார்ஜ் மட்டும் ஏறவில்லை.

பிளக்கைப் பிடுங்கி மாட்டினேன். அடாப்டரில் மீட்டர் வைத்தால் 28 வோல்ட், குறையே இல்லை. சரி, பேட்டரி போச்சு, பல ஆயிரம் தண்டம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எதிர்வீட்டு அண்ணாச்சிதான் குனிந்து பார்த்தார். "இது என்னடே பச்சையா?"

ரோபோவின் மூக்கில் சார்ஜ் வாங்கும் இரண்டு சின்னத் தகடுகளிலும் களிம்பு. செம்புக் குடத்தில் ஏறுமே, அதே பச்சை. மேலே போர்த் தண்ணீர் உப்பு வேறு. ஸ்பிரிங்ளர் தினமும் அதன் மேலேயே அடிப்பது அப்போதுதான் உறைத்தது.

சுவிட்சை அணைத்துவிட்டு உப்புத்தாளால் நாலு தேய்ப்பு. பளிச்.

அப்படியும் ஏறவில்லை. பாளையங்கோட்டை வெயிலில் பேட்டரி கொதித்துக் கிடந்தது. நிழலில் அரை மணி நேரம் வைத்த பிறகுதான் விளக்கு மின்னியது.

திண்ணையில் இருந்து ஆச்சி: "புளி இருக்கையில உப்புத்தாள் எதுக்குலே?"