ஜெர்மனியில் முதல் தேர்வுக் காலம்

கோவையில் பி.இ. படித்தபோது அரியர் விழுந்தால் அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம் என்ற தைரியம் இருந்தது. ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்த முதல் செமஸ்டரிலேயே அது கரைந்துவிட்டது. இங்கே பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். கட்டாயப் பாடத்தில் மூன்றும் போனால் அந்தப் படிப்பையே தொடர முடியாது. மதிப்பெண்ணில் 1.0தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் ஃபெயில். எனக்கு 5.0.

ரிசல்ட் வந்த மாலை, விடுதிச் சமையலறையில் பக்கத்து அறை ஜெர்மன் பெண் பாஸ்தாவை வடித்துக்கொண்டே, "எனக்கும் போச்சு, நாளைக்கு கவுன்சலரைப் பார்க்கப் போறேன்" என்றாள். பல்வலிக்கு டாக்டரிடம் போவதைச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாக. நான் அறைக்கு வந்து அம்மாவுக்கு போன் போட்டேன். ஃபெயில் ஆனதைச் சொல்லவில்லை. "சாப்பிட்டியா? ரசம் வச்சியா?" என்று கேட்டார். முருங்கை காய்த்துத் தொங்குவதைச் சொன்னார். இருபது நிமிடம். அன்றுதான் பல நாளைக்கப்புறம் நன்றாகத் தூங்கினேன்.

இதைக் கோழைத்தனம் என்றே நினைத்திருந்தேன். அப்புறம்தான் உளவியலாளர்கள் ஷெல்லி டெய்லர், ஹீஜங் கிம் குழுவினரின் 2007 ஆய்வைப் படித்தேன். ஆசிய, ஆசிய அமெரிக்க மாணவர்களுக்கு, பிரச்சினையைச் சொல்லி உதவி கேட்பதைவிட, நெருங்கியவர்களை மனதில் நினைப்பதே மன அழுத்தத்தை அதிகம் குறைத்ததாம். ஐரோப்பிய அமெரிக்கர்களுக்கு நேர்மாறு. ஆகவே வீட்டுக்குப் பேசுங்கள். எல்லாவற்றையும் கொட்டியே ஆகவேண்டும் என்று உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள்.

ஆனால் அம்மாவின் குரல் தூக்கத்தைத் தரும், விடைத்தாளில் என்ன தவறு என்று சொல்லாது. தூக்கம் கெட்டுச் சில வாரங்கள் ஆகிவிட்டால் மாணவர் நல அமைப்பான 'ஷ்டூடியரெண்டன்வெர்க்' நடத்தும் கவுன்சலிங்குக்குப் போய்விடுங்கள். அங்கே பேசுவது ரகசியமாகவே இருக்கும். தயாராக இல்லாத தேர்விலிருந்து கெடுவுக்குள் பெயரை விலக்கிக்கொள்வதும் இங்கே வழக்கம்தான். நமக்கு அது தோல்வி போலத் தோன்றும், அவர்களுக்கு அது வெறும் கால அட்டவணை.

திருத்திய தாளைப் பார்க்க 'ஐன்ஸிஷ்ட்' என்று ஒரு நாள் ஒதுக்குவார்கள். பேராசிரியரைச் சந்தேகிப்பது போலாகுமே என்று தயங்கித்தான் போனேன். இரண்டு கணக்கில் விடை சரி, படிகளை எழுதாததால் மதிப்பெண் போயிருந்தது. அடுத்த முறை படிப்படியாக எழுதினேன், 2.3 வந்தது. அம்மாவிடம் அன்றுதான் இரண்டையும் சேர்த்துச் சொன்னேன்.