ஹெட் போல்ட் துளையில் சொட்டு எண்ணெய்கூட நிற்கக் கூடாது

இன்ஜின் பிளாக்கின் மேல் போல்ட் போட்டு மூடியிருக்கும் அலுமினிய சிலிண்டர் ஹெட்டைச் சூட்டோடு கழற்றினால் வளைந்துவிடும். இன்ஜின் முழுக்க ஆறியபின், ஓரத்து போல்ட்களில் தொடங்கி நடுவை நோக்கி இரண்டு மூன்று சுற்றாகத் தளர்த்துங்கள். மாட்டும்போது நடுவிலிருந்து வெளியே.

பலரும் கோட்டைவிடுவது பிளாக்கில் உள்ள துளைகளைத்தான். அடி மூடிய துளையில் எண்ணெயோ கூலன்ட்டோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது ஒதுங்க இடமில்லாமல் அது பிளாக்கையே பிளந்துவிடும். பிளக்காவிட்டாலும், ஹெட் சரியாக உட்காருமுன்பே டார்க் ரெஞ்ச் (குறித்த முறுக்கு விசை, அதாவது டார்க், வந்ததும் சத்தம் கொடுக்கும் ஸ்பேனர்) ‘டக்’கென்று அடிக்கும், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட் சீக்கிரம் போய்விடும். காற்றடித்துக் காயவிடுங்கள், கட்டாயம் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு. போல்ட் மரையில் எண்ணெய் தடவ மேனுவல் சொன்னால் லேசாக, அவ்வளவுதான்.

டார்க் வைத்தபின் 90 டிகிரி திருப்பச் சொல்லும் போல்ட்கள் பெரும்பாலும் இழுபட்டு நீள்பவை. மறுபடி போடலாமென்று மேனுவல் சொன்னாலொழிய புதுசுதான் வாங்க வேண்டும்.